செல்லம் அக்கா கொடுத்த டேக் ஓவர்

செல்லம் அக்காவுக்குப் பொறாமை அதிகம். இதை நான் புறம்பேசுவதாக நினைக்க வேண்டாம், அவரே ஒத்துக்கொள்வார். காலையில் எங்கள் ஊர் மாசாயில் கம்பெனி பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும், "எனக்கு வயிறு எரியுதுடி கஸ்தூரி" என்றுதான் ஆரம்பிப்பார். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை, தானாக வரும். பக்கத்து வீட்டு ஐலீன் வாசலுக்குப் புது கேட் போட்டிருப்பாள், இல்லையென்றால் ஐலீனின் மகன் புது மோட்டார் சைக்கிள் எடுத்திருப்பான். அக்காவுக்கு கேட்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். ஐலீனிடம் அது இருக்கிறது என்பதைத்தான் அவரால் தாங்க முடியாது.

பிறவிக் குணம் அது. அக்கா பிறந்தது பாலோ பக்கம் ஒரு எஸ்டேட்டில். சின்ன வயதில் தங்கைக்கு அம்மை போட்டபோது வீட்டில் எல்லோரும் தங்கையையே சுற்றிச் சுற்றி வந்தார்களாம். இளநீர் என்ன, விசிறி என்ன! பொறுக்க முடியாமல் அக்காவும் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். கொஞ்ச நாளில் அவருக்கும் நிஜமாகவே அம்மை வந்தது. "அவளுக்குக் கொடுத்த அளவு இளநி எனக்குக் கொடுக்கல" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் வீட்டுக்காரர் காளிதாஸ் அண்ணன் கேஸ் லாரி ஓட்டுகிறார். வாயில்லாப் பூச்சி. ஒரே ஒரு முறை, "ஐலீன் வீட்டு மீன் குழம்பு நல்லா இருந்துச்சு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் மீன் வாங்க நெடுநாள் ஆனது. அண்ணன் மீன் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்து போனதை நான் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் பொறாமைப்படாமல் நிம்மதியாக இருந்த இடம் ஒன்று உண்டு. அது பாசிர் கூடாங்கில் நாங்கள் வேலை செய்யும் சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையின் மூன்றாவது லைன். பகல் ஷிப்ட்டுக்கு அக்காதான் லீடர். எங்களுக்கெல்லாம் வெள்ளைத் தொப்பி, அவருக்குச் சிவப்புத் தொப்பி. காலிப் பாட்டில்கள் வரிசையாக வரும், நாசில்கள் இறங்கி எண்ணெய் நிரப்பும், ஒரு மெஷின் மூடியை இறுக்கும், கடைசியில் நாங்கள் பெட்டியில் அடுக்குவோம். அக்கா லைன் ஓரமாக நடந்து சத்தத்தை மட்டும் கேட்டே எது சரியில்லை என்று சொல்லிவிடுவார். அங்கே எல்லாம் அவருடையது. யாரைப் பார்த்து அவர் எரிச்சல்படுவது?

காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் ஷிப்ட் மாறும். போகிற லீடர், வருகிற லீடரிடம் லைன் எப்படி இருக்கிறது என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். இதற்கு எங்கள் வாயில் டேக் ஓவர் என்று பெயர். போகிறவர் டேக் ஓவர் கொடுப்பார், வருகிறவர் டேக் ஓவர் எடுப்பார். பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையில் இருவரும் நின்றுகொண்டு பேசிக்கொள்வார்கள். எங்கள் கம்பெனியில் இது பூஜை மாதிரி, நடுவில் யாரும் குறுக்கே போகமாட்டோம்.

இந்த டேக் ஓவரில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 'நோ ப்ராப்ளம்' என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு லீடர் அப்படிச் சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் மூடி மெஷின் இறுகிப்போய், தரையெல்லாம் எண்ணெய் ஓடி, வழுக்கி விழாத ஆளே இல்லையாம். அதிலிருந்து, லைன் தங்கமாக ஓடினாலும் ஏதாவது ஒரு சின்னக் குறையைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். "நாலாம் நம்பர் நாசில் லேசா சொட்டுது, பார்த்துக்க" என்பதுதான் வழக்கமான குறை. நாலாம் நாசில் சொட்டி நான் பார்த்ததே இல்லை. குழந்தை கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரிதான் அது. தமிழர், மலாய்க்காரர், நேப்பாளத்துப் பையன்கள் எல்லோருமே இதை மதிப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை மிரட்டிச் சொல்லிக்கொடுப்பவரே செல்லம் அக்காதான்.

பிறகு ஷரோன் வந்தாள். காஹாங்கிலிருந்து அம்மாவோடு இங்கே குடிவந்த பெண், அக்காவின் வயதில் பாதி. பழைய லீடருக்குப் பதிலாக இரவு ஷிப்ட்டுக்கு அவளை லீடராகப் போட்டார்கள். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுவாள். எங்கள் பிள்ளைகளின் பெயரையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரிப்பாள். வரும்போது கையில் சூடான கறிபாப் பொட்டலம் இருக்கும். உருளைக்கிழங்கு வைத்து அவள் அம்மா பொரித்தது. முதல் கறிபாப் எப்போதும் அக்காவுக்குத்தான். அக்கா அதை நின்ற இடத்திலேயே முழுசாகத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்பார்.

"ஒரு லைனுக்கு ரெண்டு லீடராடி? ராத்திரியில அவ என் நாசிலைத் தொடுறா" என்று பஸ்ஸில் என்னிடம் பொருமுவார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மற்ற லைன்களில் டேக் ஓவர் சட்டென்று முடிந்துவிடும். இவர்கள் இருவர் மட்டும் அந்த மூலையில் பேசிக்கொண்டே நிற்பார்கள், எங்களுக்காக பஸ் ஹார்ன் அடிக்கும். மூடி மெஷினின் சத்தத்தில் இருக்கிற சின்ன வித்தியாசத்தை அக்கா சொல்ல, ஷரோன் கண் கொட்டாமல் கேட்பாள். வீட்டில் காளிதாஸ் அண்ணன்கூட அக்கா பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

போன வருடம் எங்கள் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. புது மேனேஜர் ரொனால்ட் வந்தார். குளுவாங் தமிழர்தான், ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ஒரு நாள் கதவில் விரல் நசுங்கியபோது மட்டும் "அம்மா" என்றார். அவர் எங்களைக் கூப்பிட்டு, மூன்றாவது லைனுக்கு இனி இரவு ஷிப்ட் கிடையாது, ஒரு லீடர் போதும் என்று சொன்னார். இருவரில் யார் இங்கிலீஷில் நன்றாக டேக் ஓவர் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் சிவப்புத் தொப்பி. இன்னொருவர் எங்களோடு நின்று பெட்டி அடுக்க வேண்டும். இதைக் கேட்டு அக்காவின் கை தானாகவே தொப்பியைத் தொட்டுப் பார்த்தது.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க கால்வின் என்ற வாத்தியாரைக் கம்பெனி ஏற்பாடு செய்தது. சனிக்கிழமைகளில் கேன்டீனில் வகுப்பு. வேண்டியவர்கள் எல்லோரும் வரலாம் என்பதால் நானும் போனேன், குடிக்க மைலோ இலவசம். முதல் வகுப்பிலேயே அவர் வெள்ளைப் பலகையில் 'டேக் ஓவர்' என்று எழுதினார். நாங்கள் சிரித்துவிட்டோம். தினமும் சொல்கிற வார்த்தையை எங்களுக்கே சொல்லிக்கொடுப்பதா?

"சிரிக்காதீங்கலா. இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் தெரியுமா?" என்றார் கால்வின் சார். ஷிப்ட்டைப் பொறுப்பேற்பதும் டேக் ஓவர், ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்குவதும் டேக் ஓவர் என்றார். "அப்போ எங்களையே டேக் ஓவர் பண்ணிட்டாங்க" என்றாள் என் பக்கத்தில் இருந்த அங்கம்மா. கடை நடத்த முடியாதவர் 'டேக் ஓவர்' என்று அட்டை தொங்கவிடுகிறாரே, அதுவும்தான் என்று சார் தொடர்ந்தார். ஒருவர் தவணை கட்டிக்கொண்டிருக்கும் காரை இன்னொருவர் தன் தலையில் ஏற்றிக்கொள்வதும்தான். களைத்துப்போன டிரைவரிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்வது ஒன்று, ஒருவர் வகித்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்துகொள்வது இன்னொன்று. அந்தக் கடைசி அர்த்தத்தைச் சொன்னதும் அக்கா என் தொடையைக் கிள்ளினார். ஷரோன் எதிர் மேசையில் ஒன்றும் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மனசுக்கும் இது பொருந்தும்" என்றார் சார். "பயம், கோபம் மாதிரி ஒண்ணு வந்து நம்மள முழுசா பிடிச்சுக்கும். நம்ம சொல்றத நாமளே கேட்கமாட்டோம். அப்பவும் டேக் ஓவர்னு சொல்லலாம்."

"பொறாமைக்கும் சொல்லலாமா சார்?" என்று அங்கம்மா கேட்டாள். மேசைக்கு மேசை சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அக்கா மைலோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். ஷரோன் எழுந்து, "எவ்ரி நைட் ஐ டேக் ஓவர் ஃப்ரம் செல்லம் அக்கா" என்றாள். சார் கைதட்டினார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், அவளுக்குத் தெரிந்த டேக் ஓவர் அது ஒன்றுதான். ஆனால் அக்காவின் முகம் கறுத்துவிட்டது. அவர் முறை வந்ததும் எழுந்து நின்று, "நோபடி டேக் ஓவர் மீ" என்றார். வாக்கியம் சரியில்லை என்று சார் திருத்திக்கொடுத்தார். அக்கா திருத்தத்தை எழுதிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பு இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். வீட்டில் காளிதாஸ் அண்ணனை ஷரோனாக நிற்க வைத்து டேக் ஓவர் கொடுத்துப் பழகினார். அண்ணன் சமத்தாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "பாவம், அந்தப் பொண்ணும் நல்லாதான் பேசுதாமே" என்றாராம். அக்கா வீட்டைக் கடக்கும்போது இரண்டு நாள் சமையல் வாசனையே வரவில்லை.

ரொனால்ட் குறித்த நாள் வந்தது. மாலை ஏழுக்கு அக்கா ஷரோனுக்குக் கொடுக்க வேண்டும், மறுநாள் காலை ஏழுக்கு ஷரோன் அக்காவுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டையும் அவர் பக்கத்தில் நின்று கேட்பார். ஷரோன் வழக்கம்போல் கறிபாப்போடு வந்தாள். நாங்கள் பையை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றோம். போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான்.

அக்கா பேச ஆரம்பித்தார். எத்தனை பெட்டி போனது, லேபிள் ரோல் எப்போது மாற்றினோம், நனைந்த அட்டைப்பெட்டிகளை எங்கே ஒதுக்கினோம் என்று எல்லாம் இங்கிலீஷில் வந்தது. திக்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் நாலாம் நாசில் வரவேண்டிய இடம். அக்கா ஒரு நொடி நிறுத்தினார். மறந்துவிட்டாரோ என்று நினைத்து ஷரோன் புன்னகையோடு தலையசைத்தாள், பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்த பிள்ளைக்கு டீச்சர் தலையசைப்பதைப் போல. அந்தப் புன்னகைதான் அக்காவைக் கெடுத்தது.

"லைன் த்ரீ, நோ ப்ராப்ளம்" என்றார் அக்கா. போதாதென்று ஷரோனின் முகத்தை நேராகப் பார்த்து, "எவ்ரிதிங் நோ ப்ராப்ளம்" என்று இன்னொரு முறையும் சொன்னார்.

அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மலாய்ப் பெண் ஒருத்தி "அஸ்தாகா" என்று பதறினாள். மூடி மெஷினில் நின்ற நேப்பாளத்துப் பையன் இரண்டடி பின்னால் போனான். ஒன்றும் புரியாத ரொனால்ட், "வெரி குட், வெரி கிளியர்" என்று பாராட்டிவிட்டுப் போனார். ஷரோனின் முகம் சுருங்கிப்போனது. "ஓகே கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் அக்கா நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொன்னா என்னாடி ஆயிரும்? மெஷினுக்குக் காது இருக்கா?" என்றார்.

"இருக்குன்னு நீங்கதான கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க" என்றேன்.

"இருக்கட்டும். இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் அதுக்குக் காது நல்லா இருக்கட்டும். லைன் படுக்கணும். அவ நின்னு முழிக்கணும். அந்த சிரிப்பு போகணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராத்திரி ஷிப்ட்டில் இருப்பவர்களும் நம்மைப் போல வேலைக்காரர்கள்தானே, எண்ணெயில் யாராவது வழுக்கி இடுப்பு உடைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பஸ் கம்பெனிக்குள் திரும்புவதற்கு முன்பே அக்கா எழுந்து கதவருகே நின்றுகொண்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. இறங்கியதும் உள்ளே ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். மூன்றாவது லைன் ஓடிக்கொண்டிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஒரு பாட்டில்கூட சாயவில்லை. அக்கா பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா ஏமாற்றமா என்றால், இரண்டும்தான் என்பேன்.

ரொனால்ட் காப்பிக் கப்போடு வந்து நின்றார். ஷரோன் களைத்திருந்தாள், ஆனால் இங்கிலீஷ் தண்ணீராக வந்தது. பகலைவிட இரவில் அதிகப் பெட்டிகள் போயிருந்தன. ஒரு தடவைகூட லைன் நிற்கவில்லை. ரொனால்ட் முகத்தில் திருப்தி தெரிந்தது. "ஸோ, நோ ப்ராப்ளம்?" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். ஷரோன் 'யெஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிவப்புத் தொப்பி அவளுக்கு.

ஷரோன் அக்காவைப் பார்த்தாள்.

"காட் ப்ராப்ளம் பாஸ்" என்றாள். "நாசில் நம்பர் ஃபோர். ட்ரிப்பிங். ஐ கான்னாட் சால்வ். செல்லம் அக்கா ஒன்லி நோஸ்."

"ஹோல் நைட் யூ கான்னாட்?"

"கான்னாட் பாஸ்."

ரொனால்ட் புருவத்தைச் சுருக்கினார். இரவு ஷிப்ட் பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, அக்காவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

அக்கா நேராக நாலாம் நாசிலிடம் போனார். லைனை ஒரு நிமிடம் நிறுத்தி, விரலை அதன் அடியில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு விழவில்லை. காய்ந்த விரலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

"வேற என்னக்கா சொல்றது? நீங்க நிக்கிற லைனுக்கு நான் எப்படி அந்த வார்த்தையச் சொல்லுவேன்?" என்றாள் ஷரோன்.

"நான் சொன்னேனே."

"நீங்க டென்ஷன்ல மறந்துட்டீங்க. பரவால்லக்கா. நாங்க பயந்து பயந்து ஆளுக்கொரு மெஷினைப் பார்த்துக்கிட்டே நின்னோம், அதான் ஒண்ணும் ஆகல." பையை எடுத்துக்கொண்டு, "பார்த்துக்கோங்க கா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனாள். நிஜமாகவே மறதி என்று நம்பினாளா, அக்காவின் மானத்தைக் காப்பாற்றினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டில் நான் அக்காவை விடவில்லை. ரொனால்டிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"போடி" என்றார் அக்கா. சோற்றைப் பிசைந்தாரே தவிர ஒரு வாய் உள்ளே போகவில்லை. "தொப்பிய எனக்கு விட்டுக்கொடுத்துட்டு, நல்லவங்கிற பேரையும் அவளே வாங்கிட்டுப் போகணுமா? நல்ல மனசு இருக்கு பாரு அவளுக்கு, அதப் பார்த்தாத்தான் எனக்கு ரொம்ப எரியுது."

சிவப்புத் தொப்பி அக்காவுக்கே என்று ரொனால்ட் அறிவித்தார். ஷரோன் பெட்டி அடுக்க வரவில்லை. வகுப்பில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிற தூரத்தில் சிங்கப்பூரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு எழுதிப்போட்டாள், உடனே கூப்பிட்டுவிட்டார்கள். அங்கும் லீடர் வேலை, அங்கும் இரவு ஷிப்ட். "எனக்கு இந்தப் பழைய தொப்பி, அவளுக்கு சிங்கப்பூரு" என்று அக்கா ஒரு வாரம் பஸ்ஸில் புலம்பினார். பழைய செல்லம் அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

இரவு ஷிப்ட் நின்ற முதல் நாள். மாலை ஏழுக்கு லைனை அணைத்தோம். இத்தனை வருடத்தில் அந்த மெஷின்கள் ஏழு மணிக்கு ஓய்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் கை கழுவி, பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஹார்ன் அடித்தும் அக்கா வரவில்லை, தேடிக்கொண்டு உள்ளே போனேன்.

பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எதிரே யாரும் இல்லை.

"வாங்க கா, பஸ் நிக்குது."

"மூடி மெஷின் சத்தம் மத்தியானத்துலருந்து ஒரு மாதிரியா இருக்குடி" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே கா."

"உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்." கையிலிருந்த தொப்பியை ஒரு முறை திருப்பினார். "இந்நேரம் அங்க ஷிப்ட் ஏறியிருப்பா இல்ல?"

"ஆமாங்கா."

"கறிபாப் கொண்டு போயிருப்பாளா?"

"போயிருப்பா. அவங்க அம்மா வெறுங்கையோட அனுப்பமாட்டாங்கலா."

"அங்க அவளுக்கு டேக் ஓவர் கொடுக்கிறவ யாரு?"

"யாரோ ஒருத்தி. எனக்கெப்படிக் கா தெரியும்?"

யாரோ ஒருத்தி என்று அக்கா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வயிறு எரியுதுடி கஸ்தூரி" என்றார்.